பன்னிரண்டு குப்பிகள்

ஏப்ரல் 17

தடைக்காலம் தொடங்கிவிட்டது. போட்டுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் பாதி வரைக்கும் மீன் முட்டையிடும், நாங்கள் கரையில் உட்கார்ந்து ஒருவனை ஒருவன் கடித்துக்கொண்டிருப்போம்.

இந்த போனில் பேசச் சொன்னவள் என் மகள் தமயந்தி. முந்தாநாள் டீக்கடையில் போட்டுக்காரர் சபாநாதனைப் பற்றி நான் நாலு வார்த்தை பேசினேன். அவர் போட்டில்தான் என் மருமகன் மாசிலாமணி வேலை பார்க்கிறார். என் நாலு வார்த்தைக்கு மருமகன் நாற்பது வார்த்தை வாங்கிக்கொண்டு வந்தார். தமயந்தி தன் பழைய போனை என் கையில் வைத்து, இந்த மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும், தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளும் என்றாள்.

"ஒங்க வாயத் தெருவுல வைக்காதீங்கப்பா. இதுல வைங்க. இது யாருகிட்டயும் போயிச் சொல்லாது."

அது எழுதியதைப் படிக்க எனக்குத் தெரியாது. நான் கைநாட்டு. எழுதத் தெரிந்தவன் எழுதி வைத்துவிட்டு மறந்துபோகலாம். எனக்கு அந்த வசதி இல்லை. சபாநாதனின் அப்பா முதல் போட்டைத் தண்ணீரில் இறக்கிய அன்றைக்குப் பந்தியில் யார் யார் இலைக்கு வடை வரவில்லை என்பதுவரை எனக்குத் தெரியும். என் இலைக்கும் வரவில்லை.

ஏப்ரல் 20

துறைமுகத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். வான்மதி என்று ஒரு டாக்டர் பெண், அவளோடு இரண்டு பையன்கள். எல்லாரும் அவளை மிஸ் என்கிறோம். ஏலம் போடும் கொட்டகையில் மேஜை போட்டிருக்கிறார்கள். கிடங்கில் இறங்குகிற ஆட்கள் மட்டும் வர வேண்டுமாம்.

கிடங்கு என்பது போட்டின் மேல்தளத்துக்குக் கீழே ஐஸும் மீனும் கொட்டிவைக்கும் அறை. ஆள் ஒருவன் நுழையும் அளவுக்கு ஒரு வாய், அதற்கு ஒரு மூடி. நாள்கணக்கில் கடலில் கிடந்துவிட்டுத் திரும்பும்போது, அடியில் கிடக்கும் கழிசல் மீன், கோழித்தீவனத்துக்குப் போகிற மீன், அழுகிக் கூழாகிவிடும். அதிலிருந்து ஒரு காற்று கிளம்பும். மிஸ் அதற்குப் பெயர் சொன்னாள். ஹைட்ரஜன் சல்பைடு. தண்ணீரில் இருக்கிற அதே ஹைட்ரஜன்தானாம். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் கந்தகம் உட்கார்ந்துகொண்டால் குடிக்கிற தண்ணீர் கொல்லுகிற காற்றாகிவிடுகிறது.

கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அதிகமாக இருந்தால் நாற்றமே தெரியாது, ஏனென்றால் அது முதலில் மூக்கை அடிக்கும், அப்புறம்தான் ஆளை அடிக்கும். "நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா ஓடிடுங்க" என்றாள். கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். நாற்றம் நின்றால் இறங்கலாம் என்றுதான் எங்கள் அப்பன்மார் எங்களுக்குச் சொல்லிவைத்தது.

நான் முப்பத்தோரு வருஷம் கிடங்கில் இறங்கினவன். மூன்று பேரை வெளியே தூக்கிப் போட்டிருக்கிறேன். அஞ்சப்பன், காத்தலிங்கம், காத்தலிங்கத்தைத் தூக்க இறங்கின அவன் தம்பி. அந்தக் காலத்தில் அதைக் கிடங்கு மோகினி என்றார்கள். இப்போது சல்பைடு என்கிறார்கள். செத்தவனுக்கு எந்தப் பெயராக இருந்தால் என்ன.

ஏப்ரல் 23

பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். மிஸ் பத்து வார்த்தை படித்துக் காட்டி, அதை என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். நேராகச் சொன்னேன், தலைகீழாகவும் சொன்னேன், எனக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்குப் படித்த பத்தையும் சேர்த்துச் சொன்னேன். மிஸ் பேனாவை வைத்துவிட்டாள். இந்தக் காற்று ஞாபகத்தையும் அரிக்கும் என்று படித்துவிட்டு வந்தேன் பெரியவரே, உங்களை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றாள்.

அப்புறம் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு குப்பியாக மூக்கடியில் காட்டி என்ன வாசனை என்று கேட்டார்கள். பன்னிரண்டு குப்பி. எனக்கு அன்றைக்குச் சளி. சளி போனதும் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24

சளி இருக்கிறது. மூக்கு ஒழுகவே இல்லையே என்றாள் தமயந்தி. உள்ளுக்குள் கட்டியிருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 28

விஷயம் வெளியே வந்துவிட்டது. குப்பி வாசனை தெரியாதவன் இனிமேல் கிடங்கில் இறங்கக் கூடாது. பாதி ஆட்களுக்கு மேல் தெரியவில்லை என்றால், ஒவ்வொரு போட்டிலும் கிடங்குக்கு ஒரு காற்றாடியும் குழாயும் வைத்தால்தான் தடைக்காலம் முடிந்து மீன்துறைக்காரர்கள் கடலுக்கு விடுவார்கள். போட்டுக்காரர்கள் முகமெல்லாம் கருவாடு மாதிரி ஆகிவிட்டது. சபாநாதன் தன் ஆட்களைக் கூப்பிட்டு, எவன் மூக்கால் எனக்குச் செலவு வருகிறதோ அவன் வேறு போட்டு பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

சாயங்காலம் மாசிலாமணி என்னைத் துறைமுகத்துச் சுவர் ஓரம் அழைத்துப்போனார். அவர் அதிகம் பேசாத மனிதர். அடுத்த வருஷம் புதுப் போட்டு இறக்கும்போது அவரை டிரைவராகப் போடுவதாகச் சபாநாதன் வாக்குக் கொடுத்திருக்கிறார். பதினாறு வருஷம் கீழே கிடந்தவர் மேலே ஏறி, சுக்கானைப் பிடிக்கப் போகிறார். வீட்டில் பேச்சே அதுதான்.

"மாமா, காப்பித் தூளும் பெருங்காயமும் எனக்கு ஒண்ணுதான். ரெண்டு வருஷமா."

"தமயந்திக்குத் தெரியுமா மாப்ள?"

"தெரியாமப் பாத்துக்கறேன். சாப்பாடு நல்லாருக்குன்னு தெனமும் சொல்லிடுறேன்."

உண்மைதான். என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூடக் குழம்பைக் குற்றம் சொன்னதில்லை என்று தமயந்தி தெருவெல்லாம் பெருமை பேசுகிறாள்.

மே 2

கொட்டகைக்கு வெளியே வலைக் குவியலின் மேல் உட்கார்ந்து நாள் முழுக்கக் கிழிந்த வலையைப் பொத்தினேன். கண் வலையில், காது உள்ளே. ஏழு பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். மிஸ் மேல் குற்றமில்லை. குப்பி வைக்கும் தட்டை யாரோ குழி குழியாகச் செய்துவைத்திருக்கிறார்கள், குப்பிகள் குழியில் உட்கார்ந்த இடத்தை விட்டு மாறுவதில்லை. எப்போதும் இடது கோடியில் தொடங்கி வலது கோடியில் முடிக்கிறாள். ஏழு பேர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்ததில் பன்னிரண்டின் வரிசையும் எனக்குக் கிடைத்துவிட்டது.

மே 4

மாசிலாமணிக்குப் பாடம் நடத்தினேன். வெறுமனே மனப்பாடம் செய்தால் பயத்தில் மறந்துபோகும். கடலிலிருந்து பார்த்தால் வடக்கே இருந்து தெற்கே கரையில் என்னென்ன தெரியும் என்று எந்தக் கிடங்குக்காரனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த வரிசையில் குப்பிகளை ஏற்றினேன். பூம்புகார், காப்பி. தரங்கம்பாடிக் கோட்டை, கற்பூரம். காரைக்கால் விளக்கு, பூண்டு. நாகூர் மினாரா, சாம்பிராணி. அது தானாகவே அமைந்தது. நாகப்பட்டினம் விளக்கு, மண்ணெண்ணெய். வேளாங்கண்ணிக் கோபுரம், மல்லிகை. அப்படியே கோடியக்கரை வரைக்கும் பன்னிரண்டு.

மருமகன் மூன்று தரம் சொன்னார். நான்காவது தரம் தடுக்கவே இல்லை. "கண்ணக் கட்டிட்டாலும் கரை தெரியுது மாமா" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

மே 5

அடுப்புக் குமிழ் மூடாமல் இருந்ததாம். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். தமயந்தி கொல்லையிலிருந்து ஓடிவந்து மூடினாள். கேஸ் இப்படி நாறுகிறதே, எப்படியப்பா உங்களுக்குத் தெரியவில்லை என்றாள். வேறு யோசனையில் இருந்தேன்.

மே 9

மாசிலாமணி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நானும் போய் உட்கார்ந்தேன், சளி போய்விட்டது, எனக்கும் பன்னிரண்டு.

விஷயம் எப்படியோ பரவி, நாலு போட்டு ஆட்கள் என்னிடம் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். இவனுக்குச் சொல்லி அவனுக்குச் சொல்லாமல் விட்டால் ஊரில் இருக்க முடியுமா. வலைக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து பூம்புகார் காப்பி, தரங்கம்பாடி கற்பூரம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முணுமுணுத்தார்கள். முப்பது வருஷமாக என்னை வாயாடிக் கிழவன் என்றவர்கள், வாத்தியாரே என்றார்கள்.

கலியன் ஒருவன்தான் வரவில்லை. சபாநாதன் போட்டில் போன வருஷம் கிடங்குக்கு வந்தவன், இருபத்தைந்து வயது இருக்கும். என் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது பெரியப்பா, எனக்கு எதற்கு மனப்பாடம் என்றான். போய் உட்கார்ந்தான், எட்டு வாங்கினான். எலுமிச்சையை நாரத்தை என்றான், கிராம்பை ஏலக்காய் என்றான். மூக்கு இருக்கிறவன் அப்படித்தான் குழம்புவான்.

துறைமுகத்திலேயே குறைந்த மூக்கு அவனுடையது என்று ஆகிவிட்டது. எட்டு என்றே கூப்பிடுகிறார்கள். "ஏ எட்டு, இங்க வந்து மோந்து பாரு, இது டீயா மூத்திரமா" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவன் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான். சபாநாதன் அவனை இனிக் கிடங்குப் பக்கம் வராதே, மேல்வேலை பார் என்று சொல்லிவிட்டார்.

மே 22

கொட்டகையில் கூட்டம். மிஸ் முடிவைச் சொன்னாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் கண்டதைத்தான் எழுத முடியும், இந்தத் துறைமுகத்தில் கிடங்குக் காற்றால் மூக்கு கெட்டதற்கு அடையாளம் கிடைக்கவில்லை என்றாள். இதை வைத்துக் கிடங்கு ஆபத்தில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது பேச்சு கைதட்டலில் அமுங்கிவிட்டது.

சபாநாதன் என்னை எழுப்பி நிறுத்தினார். "முப்பத்தோரு வருஷம் கெடங்குல கெடந்த மனுஷன். இவரு மூளையப் பாருங்க, மூக்கப் பாருங்க. காத்து இவர என்னா செஞ்சிடுச்சு?" என்று கேட்டார். மறுபடியும் கைதட்டினார்கள். எனக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். காற்றாடிப் பேச்சு அதோடு முடிந்தது.

பொய் சொல்வானேன். அங்கே நிற்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

மே 23

தமயந்தி வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். நன்றாக இருக்கிறது என்று மருமகன் சொன்னார். நானும் சொன்னேன்.

ஜூன் 3

இன்றைக்குப் பேச ஒன்றும் இல்லை.

ஜூன் 4

காலையில் மருமகனை எடுத்துப் போனார்கள்.

ஜூன் 7

தடைக்காலம் முடிய நாள் நெருங்கிவிட்டதென்று நாலு நாளைக்கு முன்னால் சபாநாதன் போட்டைக் கழுவச் சொல்லியிருக்கிறார். கிடங்கு மூடி ஏப்ரலில் மூடினது, அன்றைக்குத்தான் திறந்தது. பலகைக்கு அடியில் கழிசல் கிடந்திருக்கிறது. ஒன்றரை மாதத்து வெயில் அதன் மேல் அடித்திருக்கிறது.

மூடியைத் திறந்ததும் கலியன் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். முட்டை நாற்றம் அடிக்கிறது, இன்றைக்கு முழுக்கத் திறந்து கிடக்கட்டும், நாளைக்கு இறங்கலாம் என்றானாம். மேலே நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். மருமகன் குனிந்து எல்லார் முன்னாலும் மூச்சை இழுத்துப் பார்த்தாராம்.

"எட்டு மார்க்கு மூக்குக்கு எல்லாந்தான்டா நாறும். பன்னெண்டு சொல்லுது, ஒண்ணுமில்ல."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஏணியில் பாதிகூட இறங்கவில்லை, கை விட்டுப்போய் விழுந்தார்.

இரண்டு பேர் அவரைத் தூக்கப் பாய்ந்திருக்கிறார்கள். கலியன் மூங்கில் கழியைக் குறுக்கே பிடித்து மறித்தான். நாற்றம் இப்போது நின்றுவிட்டது, சட்டென்று நின்றுவிட்டது, மிஸ் சொன்னது இதைத்தான், இறங்கினால் நீங்களும் போவீர்கள் என்று கத்தினானாம். ஒருவனைக் கழியால் அடித்தும் இருக்கிறான். கயிற்றில் கொக்கி கட்டிவிட்டு மருமகன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். சட்டை கிழிந்து கொக்கி மட்டும் மேலே வந்தது.

நான் போனபோது அவன் கிடங்கு வாயின் மேல் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் கத்தினார்கள். நானும் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கித் தூக்கினார்கள். நெஞ்சில் அமுக்கிப் பார்த்தார்கள். மருமகன் கையில் போட்டிருந்த வெள்ளிக் காப்பு கறுத்துப் போயிருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8

நான் கத்தினது "கொலகாரன்" என்று தமயந்தி சொன்னாள். மூன்று தரம் கத்தினேனாம்.

ஜூன் 9

மிஸ் துக்கம் கேட்க வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தமயந்தி பக்கத்தில் வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கேட்டாள்.

"பெரியவரே, அவருக்கு வாசனை தெரிஞ்சுதா?"

"பன்னெண்டும் சொன்னாரே. நீங்கதானம்மா எழுதினீங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் ராத்திரி தூங்கமாட்டாள். அதற்கு நான் என்ன செய்ய.

ஜூன் 12

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. கடலிலோ கரையிலோ கூட்டாளி ஒருவன் உள்ளே கிடக்கும்போது மற்றவன் வேடிக்கை பார்த்து நிற்பது எங்கள் ஊரில் கிடையாது. கலியன் நின்றதோடு இல்லாமல், போனவர்களையும் மறித்தான். கழியடி வாங்கினவன் நெற்றிக் கட்டைக் காட்டினான். காத்தலிங்கத்தைத் தூக்க அவன் தம்பி இறங்கின கதையை எடுத்தார்கள், அவனல்லவோ ஆம்பளை என்றார்கள். அவனும் செத்தான் என்பதை யாரும் சொல்லவில்லை.

கலியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாற்றம் இருந்தது, நின்றது, அதனால் மறித்தேன், வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றான். உன் மூக்கை யார் நம்புவது என்று ஒரு குரல் வந்தது. சொன்னவன் வலைக் குவியலில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன்.

பஞ்சாயத்தை நடத்தின ஊர்த் தலைவர், நாட்டார், என் பக்கம் திரும்பினார். "நாகூரான் அண்ணே, கெடங்குல ஒங்களவுக்குப் பழகினவங்க இங்க இல்ல. செத்தது ஒங்க மருமவன். நீங்க சொல்லுங்க. நாத்தம் நின்னா எறங்கலாமா, கூடாதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் படித்தவர்கள்தான் கூர்மையாகப் பார்த்தார்கள். பின்னால் பெண்கள் நடுவில் தமயந்தி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு நாலு நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டேன். இறங்கலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு இதுதான். மாசிலாமணி பார்த்த கிடங்கு வேலையைக் கலியன் பார்க்க வேண்டும். இறந்தவரின் பங்கைத் தமயந்திக்குக் கொடுத்துவர வேண்டும். மறுத்தால் ஊரை விட்டு ஒதுக்கம். கலியன் சரி என்றான். சபாநாதனும் சரி என்றார். அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து தமயந்தி எனக்குச் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்தாள். மருமகனை எடுத்ததற்குப் பிறகு அவள் என்னிடம் உட்கார்ந்து பேசினது இதுதான் முதல் தரம்.

"கலியன் மறிக்கலன்னா இன்னும் ரெண்டு வீட்டுல எழவு விழுந்திருக்கும். எனக்கே தெரியுது. ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அவருக்கு வாசனை செத்துப்போச்சுன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். ஒரு நாள் வேணும்னே ஊசிப்போன கொழம்ப எடுத்து வச்சேன். நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்புட்டாரு. பாவம், மறைக்கிறாரேன்னு விட்டுட்டேன். அவரு எப்படிப்பா பன்னெண்டும் சொன்னாரு?"

அடுப்பில் ஏதோ தீய்கிறது போய்ப் பார் என்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை என்றாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் எழுந்து போனாள்.

ஜூன் 13

தமயந்தி சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 15

தடை முடிந்தது. விடிந்ததும் துறைமுகத்துக்குப் போனேன். போட்டுகளுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கரையில் நின்றார்கள். தமயந்தி வரவில்லை.

சபாநாதன் போட்டில் ஐஸ் ஏற்றுகிறார்கள். கிடங்கு மூடி திறந்து கிடந்தது. கலியன் அதன் ஓரத்தில் குந்தியிருந்தான், ஐஸ் கொட்டி முடித்ததும் இறங்கிச் சமன் செய்ய வேண்டும். காற்றாடியும் இல்லை, குழாயும் இல்லை. அவன் அம்மா கட்டிவிட்ட சிவப்புக் கயிறு ஒன்று கையில் இருந்தது.

பலகை வழியாக நான் ஏறினதைப் பார்த்து எழுந்து கை கொடுத்தான். பிடித்து ஏறினேன். அவனிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். போட்டு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எல்லாரும் என்னிடம் படித்தவர்கள்.

கலியன்தான் பேசினான். கோபமாகக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் நீரோட்டம் என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

"பெரியப்பா, ஒங்களுக்கு எத்தனாவது வருஷத்துல போச்சு?"

எது போனது என்று அவன் சொல்லவில்லை. சுற்றி நின்ற ஒருவனும் எது என்று கேட்கவில்லை.

"ஏழாவது வருஷம்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "மொதல்ல பூவு போவும். அப்புறம் சோறு. நாத்தந்தான் கடைசியாப் போவும்."

அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணு ஆயிடுச்சு. அப்ப இன்னும் ஆறு இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏணியில் காலை வைத்தான்.